சிலுவைத்தட்டுக்குப் போன ரெஃபரன்ஸ் பிரிவு

மில்லர்புரத்தைத் தாண்டியிருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில், ஓர் ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை, ஸஹ்லா என்ற பெண் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு ஒரு வாளி உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக ஆக்கியது. அதை முதலில் பார்த்தவர் தரை துடைக்கும் செல்லக்கனி. காலையில் போர் தண்ணீரைப் பிடித்து ரெஃபரன்ஸ் பிரிவின் நாலாம் அலமாரிக்குக் கீழே வைத்தவர், கண்காணிப்பாளர் கூப்பிட்டாரென்று மாடிக்குப் போய்விட்டு, மத்தியானம் திரும்பி வந்து ஒரு கை சோப்புத்தூளைப் போட்டார். அந்த வளாகத்துத் தண்ணீரில் சோப்பு நுரைத்ததாகச் சரித்திரமே இல்லை. அன்றைக்கு நுரை வாளியை விட்டு வழிந்து, பொருளாதாரத்தைக் கடந்து, தாவரவியல் வரைக்கும் போனது.

"அண்ணாச்சி, கொஞ்சம் இங்கன வந்து பாருங்க" என்று அவர் கூப்பிட, பிரிவின் பொறுப்பாளர் மாடக்கண்ணு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்.

"சோப்ப அள்ளிக் கொட்டிட்டியா?"

"ஒரே ஒரு கைதான் போட்டேன். தண்ணி மாறிப்போச்சு அண்ணாச்சி. நான் என்னத்தக் கண்டேன்?"

மாடக்கண்ணு இருபத்தொன்பது வருடமாக அந்தப் பிரிவில் இருக்கிறார். ரெஃபரன்ஸ் பிரிவின் புத்தகம் ஒன்றையும் அவர் வெளியே விட்டதில்லை. துறைத் தலைவரே கேட்டாலும் "உக்காந்து படிங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். அத்தனை வருடத்தில் அவற்றில் ஒன்றையும் அவர் படித்ததும் இல்லை. எண் தெரியும், இடம் தெரியும், அது போதும் என்றிருந்தார். ஆனால் இந்த வாளி அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து பதினோரு எவர்சில்வர் கிண்ணங்களைக் கொண்டுவந்து, அலமாரிக்கு ஒன்றாகப் போர் தண்ணீர் ஊற்றி வைத்தார். சாயங்காலம் ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்ததில் நாலாவது மட்டும் இனித்தது. பிறகு அந்த அலமாரியின் ஆய்வேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து, பக்கத்தில் கிண்ணத்தை வைத்துக் காத்திருந்தார். ஒன்பதாம் நாள், நீல அட்டை போட்ட 1174ஆம் எண்ணில் வந்து நின்றது. 'சிலுவைத்தட்டு கிராமத்துக் கிணறுகளில் உப்பேற்றம்.' இரண்டு வருடமாக அதை யாரும் கையில் எடுத்ததற்கான கையெழுத்து பதிவேட்டில் இல்லை.

எழுதிய ஸஹ்லா காயல்பட்டினத்துக்காரி. தருவைகுளத்துக்குத் தெற்கே இருக்கும் சிலுவைத்தட்டு என்ற அந்த மீனவக் கிராமத்துக்கு ஆறு வருடம் பஸ்ஸில் போய்வந்து, கடல் நிலத்துக்கு அடியில் நுழைந்து கெடுத்த அறுபத்தொரு கிணறுகளையும் அளந்தவர். பட்டம் வாங்கிய பிறகு ஒரு தனியார் கல்லூரியில் மணிக்கணக்கு வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வை உலகத்தில் யாரும் மேற்கோள் காட்டியிருக்கவில்லை. மாடக்கண்ணு போன் செய்ததும், ஏதோ பாக்கிப் புத்தகம் போலிருக்கிறது என்று பதறிக்கொண்டு வந்தவரிடம் அவர் ஒரு கிண்ணத்தை நீட்டினார். ஸஹ்லா ஒரு வாய் குடித்துவிட்டு அலமாரி ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது சிலுவைத்தட்டு எமில்டாக்கா வீட்டுக் கிணத்துத் தண்ணி, சார்."

"இது நம்ம போர் தண்ணிம்மா. நான் புடிச்சு வச்சது."

"இல்ல சார். உப்பாகறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு அவங்க சொல்லிச் சொல்லி எழுதியிருக்கேன். முதல்ல ஒண்ணும் தெரியாது, விழுங்கின பிறகு தொண்டையில லேசா நுங்கு மாதிரி நிக்கும்னு சொல்வாங்க. நிக்குது, பாருங்க."

பல்கலைக்கழகம் இதைத் தள்ளிவிடவில்லை. துணைவேந்தர் அம்மாள் ஒரு குழு போட்டார். வேதியியல் துறைக்குப் புது மீட்டர் வாங்கிக் கொடுத்தார். ஆய்வேட்டுக்கு ஒரு கை தூரத்துக்குள் வைத்த நாற்பது லிட்டரின் உப்பளவு, நாலு மணி நேரத்தில் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் டி.டி.எஸ்ஸிலிருந்து இருநூற்றுப் பத்துக்கு இறங்கியது; அதற்கு மேல் வைத்தது மாறவில்லை. ஜெராக்ஸ் எடுத்து வைத்தார்கள், மாறவில்லை. பென் டிரைவை வைத்தார்கள், பென் டிரைவ்தான் கெட்டது. தேர்வுப் பிரிவில் இருந்த இன்னொரு பிரதியும் வேலை செய்யவில்லை. ஸஹ்லா கிணற்றடியிலேயே உட்கார்ந்து பேனாவால் எழுதிய பின்னிணைப்பு நூலகப் பிரதியில் மட்டும் இருந்தது என்பதைக் குழு குறித்துக்கொண்டது. 'விளைவு உண்டு, காரணம் தெரியவில்லை, ஆய்வு தொடரலாம்' என்று அறிக்கை கொடுத்தது. அதோடு மற்ற ஆயிரத்துச் சொச்சம் ஆய்வேடுகளையும் சோதித்துவிடுவது என்று முடிவானது. பழைய மாணவர்கள் வாளியும் செடியும் கோழிக்குஞ்சுமாக வந்து தங்கள் ஆய்வேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பனைவெல்லம் பற்றிய ஒன்றைச் சுற்றி எறும்பு வரிசை எப்போதும் ஓய்வதில்லை என்பது தெரிந்தது. வளைகுடாவுக்குப் போனவர்களின் குடும்பங்களைப் பற்றிய ஒன்றின் மேல் போனை வைத்தால், வைத்தவர் யாரை நினைத்தாரோ அவரிடமிருந்து அழைப்பு வந்தது. மீதி எல்லாம் சும்மாதான் இருந்தன. அவற்றை எழுதியவர்களுக்கு மாடக்கண்ணு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஜனவரியில் ஆராய்ச்சி நாள் விழா நடந்தது. அரங்கத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டு விரித்து ஆய்வேட்டை வைத்து, பெட்டிக்கு மாலையும் போட்டிருந்தார்கள். ஸஹ்லாவுக்குக் கேடயமும் ஐந்து வருட ஆராய்ச்சிப் பணியும் அறிவித்துக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, பின்வாசல் வழியாக எமில்டா தலைமையில் சிலுவைத்தட்டுப் பெண்கள் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் குடத்தோடு உள்ளே வந்து நடைபாதையில் நின்றார்கள். எமில்டாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஏலக்கூடத்தில் மீன் விலை சொல்லிப் பழகிய குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

"ஏ பிள்ள ஸஹ்லா, ஒனக்குக் கைதட்டத்தான் முதல்ல வந்தோம். தட்டியாச்சு. ஆறு வருசமா எங்க கிணத்த எட்டி எட்டிப் பாத்த. இதனால எங்களுக்கு என்ன வரும்னு கேட்டப்ப, தெரியலக்கான்னு உள்ளதச் சொன்ன. இப்பம் வந்திருக்குல்லா? அத இங்கன பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டினா எப்படி?"

ஸஹ்லா கேடயத்தை மேசையில் வைத்துவிட்டார். பதிவாளர் எழுந்து, அது ரெஃபரன்ஸ் பிரிவைச் சேர்ந்தது, எந்த நிலையிலும் பிரிவை விட்டு வெளியே போகக்கூடாது என்று விதிகளில் இருப்பதை வருத்தத்தோடு படித்தார். பெண்கள் அசையவில்லை. துணைவேந்தர் அம்மாள் மாடக்கண்ணுவைத் தேடினார். மாடக்கண்ணு கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். வாழ்க்கை முழுவதும் அந்த விதியைச் சொல்லியே ஆட்களைத் திருப்பி அனுப்பியவர் அவர். ஆனால் ஒன்பது நாள் கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருந்தவரும் அவர்தான்.

"விதி சரிதாம்மா. புத்தகம் பிரிவ விட்டுப் போகக்கூடாது. பிரிவு எங்க இருக்கணும்னு விதியில ஒண்ணும் சொல்லலியே. பிரிவு அங்கன போகலாம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, நான். அவ்வளவுதான் பிரிவு."

துணைவேந்தர் அம்மாள் அங்கேயே, வரவேற்புரைத் தாளின் பின்பக்கத்தில் உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தவக்காலத்தின் முதல் திங்கட்கிழமை ரெஃபரன்ஸ் பிரிவு மீன் வண்டியில் சிலுவைத்தட்டுக்குப் போனது. எமில்டா வீட்டுக் கிணற்றடியில் மேசை போட்டு, ஆய்வேட்டை வைத்து, அருகில் 'அமைதி காக்கவும்' பலகையையும் மாட்டினார் மாடக்கண்ணு. நூலகத்தில் நாற்பது லிட்டரோடு நின்றுவிட்ட ஆய்வேடு, எழுதப்பட்ட கிணற்றைக் கண்டதும் அப்படி நிற்கவில்லை. நாலாம் நாள் கிணறு முழுக்க நல்ல தண்ணீராகிவிட்டது. பிறகு பிரிவு அடுத்த கிணற்றுக்கு நகர்ந்தது. ஒரு கிணறு மாறினால் திரும்ப உப்பாவதில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்குள் அறுபது கிணறுகள் முடிந்தன. பருப்பு வெந்தது, துணி வெளுத்தது, தண்ணீர் லாரிக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டார். சங்கு குளிக்கும் பெவின் வீட்டுக் கிணறு மட்டும் மாறவில்லை. மூன்று வாரம் மேசை அங்கேயே கிடந்தும் தண்ணீர் கரித்தது. பெவினுடைய மனைவி வழக்கம்போலப் பக்கத்து வீட்டுக்குக் குடத்தோடு போனாள். ஆனால் இப்போது தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

"எல்லாக் கிணறும் மாறிச்சே சார், எங்க கிணறு மட்டும் என்ன செஞ்சுது?" என்று பெவின் கேட்டான்.

அந்தக் கேள்விக்காகத்தான் மாடக்கண்ணு முதன்முதலாக ஓர் ஆய்வேட்டைத் திறந்தார். முன்னுரையிலிருந்து தொடங்கி முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் ஒரு வாரத்தில் படித்தார். புரியாத சூத்திரங்களைக்கூட விடவில்லை. பேனாவால் எழுதிய பின்னிணைப்பில் ஒவ்வொரு கிணற்றுக்கும் மீட்டர் அளவுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: 'ருசி பார்த்தேன், கடுமையான கரிப்பு. அன்று முழுவதும் தாகம்.' 'ருசி பார்த்தேன். வீட்டார் என்னோடு குடித்தார்கள்.' அறுபது தடவை. முப்பத்தெட்டாம் கிணறான பெவின் வீட்டுக் கிணற்றில் மட்டும், 'எனக்குக் காய்ச்சல். மீட்டர் அளவு மட்டும் எடுத்தேன்' என்று இருந்தது.

அன்றே ஸஹ்லாவுக்குப் போன் செய்தார். ஸஹ்லா வந்தார். தானே வாளியை இறக்கி இறைத்து, பெவினும் அவன் மனைவியும் எமில்டாவும் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளங்கையில் ஏந்தி மூன்று வாய் குடித்தார். முகம் சுருங்கியது.

"சேசுவே, துப்பிரு பிள்ள" என்றார் எமில்டா.

"வேண்டாங்க்கா. எப்படி இருக்குன்னு தெரியணும்ல" என்று ஸஹ்லா விழுங்கினார். பிறகு மேசையைப் பார்த்தார், மாடக்கண்ணுவைப் பார்த்தார். ரெஃபரன்ஸ் புத்தகத்தில் கோடு போட்டவனிடம் அபராதம் வாங்கும் மாடக்கண்ணு, சட்டைப் பையிலிருந்த தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார். ஸஹ்லா முப்பத்தெட்டாம் கிணற்றுக்குக் கீழே ஒரு வரி எழுதினார். மூன்றாம் நாள் அந்தக் கிணறும் மாறியது.

இப்போது சிலுவைத்தட்டில் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. தண்ணீரில் முன்பிருந்த கரிப்பு இல்லை, குழம்பு சப்பென்று இருக்கிறது என்று குறை சொல்பவர்களும் உண்டு. வடக்கே இரண்டு மைல் தள்ளி இருக்கும் குடியிருப்பில் ஐம்பத்துநாலு கிணறுகள் உப்பாகக் கிடக்கின்றன. ஸஹ்லாவின் புது ஆராய்ச்சி அங்கேதான். முதல் நாள் கூட்டம் கூடியபோது அவர் ஒளிக்காமல் சொன்னார்: இன்னும் எழுதவே தொடங்கவில்லை, எழுதி முடிக்க ஆறு வருடம் ஆகும், எழுதினாலும் வேலை செய்யும் என்று உறுதி கிடையாது. முன்னால் நின்ற செல்வராணி என்ற கடைக்காரப் பெண்தான் முதலில் பேசினார்.

"ஆறு வருசந்தான? நாங்க எங்க போவப் போறோம். செம்பு கழுவி வச்சிருக்கேன், முதல்ல எங்க கிணத்துல குடிக்க வாங்க."