படம் தெளியும் வரை

திரை பொசுக்கென்று கறுத்துப்போனதும் வெர்னன் ஹெய்க்கிலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது எதிர்பார்த்ததுதான்" என்று அறிவித்தார். அதைக் கேட்க அறையில் அவர் மனைவி லொரெய்ன் மட்டும்தான் இருந்தாள். ஆனாலும் அது, நூலகத்தின் பின்னறையில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் கணினிச் சங்கத்தின் முன்னால் அவர் பேசும் குரல். அந்தச் சங்கத்துக்கு நிறுவனரும் அவர்தான், தலைவரும் அவர்தான். உறுப்பினர்களில் பாதிப் பேர், ஊரிலேயே நூலகத்தில்தான் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதால் வருகிறவர்கள்.

"எதிர்பார்த்ததுன்னா சரி" என்றாள் லொரெய்ன். "பத்து மணிக்கு டாக்டர் வீடியோவுல வருவாங்க. அதையும் எதிர்பார்த்துக்கோ."

அவள் சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுத் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வெர்னின் பழைய ஃபிளானல் சட்டையை முன்பின்னாக மாட்டியிருந்தாள். பொத்தான்கள் முதுகுப் பக்கம். மேல் பொத்தான் இரண்டும் கழன்று, இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு கையகலத்துக்குத் தோல் தெரிந்தது. வெளியே பனி வாரும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது. அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறுத்த திரையில் வெர்னின் முகம்தான் தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காக அவர் கீழே குனிந்து பெட்டியைப் பார்த்தார். சின்ன ஃபிரிட்ஜ் அளவு பெட்டி. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நீல விளக்கில் மூன்று விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. அவற்றின் நடுவே செங்கல் கனத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு. திரைக்கு வரும் படத்தை வரைந்து தள்ளுவதுதான் அதன் வேலை. அதை வேலை வாங்குகிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பேர். அவர் வேலை பார்த்த காகித ஆலை மூடிய வருஷம் வெர்ன் இந்தப் பெட்டியை வாங்கியது திரையில் விமானம் ஓட்டும் விளையாட்டுக்காக. தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தொப்பி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, இருநூறு பயணிகளோடு வான்கூவரிலோ ஹாலிஃபாக்ஸிலோ இறங்குவார். இறங்கியதை மத்தியானம் காபிக் கடையில் சொல்லாவிட்டால் அவருக்கு இறங்கின மாதிரியே இருக்காது.

"நேத்து வான்கூவர்ல பயங்கரக் குறுக்குக் காத்து" என்பார்.

"பயணிங்க பெட்டியெல்லாம் பத்திரமா வந்துச்சா? இல்ல வழக்கம்போலத் தொலைச்சுட்டாங்களா?" என்பான் கோர்டி. பனி வாரும் வண்டியை ஓட்டுகிறவன் அவன்தான்.

அந்த விமானங்களுக்காகவும், குளிர்காலத்து ஹாக்கி ஆட்டங்களுக்காகவும், டிரைவரின் புதுப் பதிப்பு எப்போது வந்தாலும் வெர்ன் அன்றே போட்டுவிடுவார். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற சிரத்தையோடு செய்வார். புதுப் பதிப்பில் என்னென்ன சரிசெய்யப்பட்டிருக்கிறது என்பதை இரவுச் சாப்பாட்டின்போது லொரெய்னுக்கு வாசித்துக் காட்டுவார். அவள் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, "நல்லது, அதுங்களாவது சரியாச்சே" என்பாள்.

போன மாதம் டாக்டர் மெல்னிக்கோடு முதல் தடவை வீடியோவில் பேசியது இதே அறையில்தான். தண்டர் பே நகரத்தில் இருக்கும் தோல் மருத்துவர். லொரெய்ன் முதுகில் இருந்த மச்சத்தைக் காட்டினாள். டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒரு பழுப்புப் புகை மாதிரிதான் தெரியுது, மிஸஸ் ஹெய்க்கிலா. இதுல ஓரம்தான் முக்கியம். ஓரம் தெரியணும். அடுத்த தடவை படம் தெளிவா இருந்தா இங்கிருந்தே பார்த்துடலாம். இல்லேன்னா நீங்க நேர்ல வந்துடறது நல்லது."

நேரில் என்றால் அரை நாள் பயணம். வழியில் மூஸ் மான் குறுக்கே வரும், இல்லையென்றால் நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள். ஆனால் டாக்டர் சொன்னதில் வெர்னின் காதில் விழுந்தது, அவருடைய கம்ப்யூட்டரை யாரோ குறை சொல்லிவிட்டார்கள் என்பது மட்டும்தான். காபிக் கடையில் அப்படித்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

"ஊர் ஊரா பிளேன் இறக்கறவன் நீ" என்றான் கோர்டி. "பொண்டாட்டி முதுகுல இருக்கிற மச்சம் உன் டிவியில தெரியலையாமே?"

"டிவி இல்ல அது. டிரைவர் பழசாயிடுச்சு, அவ்வளவுதான். புதுசுல வீடியோவைத் துலக்கிக் காட்டற வசதி வந்திருக்கு."

"போன்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்பித் தொலையேன்ப்பா."

"போன் போட்டோவா? இது வைத்தியம், கோர்டி. பூனைப் படம் இல்ல."

மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். வெர்னும் சிரித்தார். சிரித்தபடியே காபியில் சர்க்கரையை இரண்டாம் தடவை போட்டார்.

லொரெய்னின் முதுகை லொரெய்ன் பார்த்ததில்லை. பார்த்தவர் இந்த உலகத்தில் வெர்ன் ஒருவர்தான். சனிக்கிழமைதோறும் கொல்லைப்புறத்து சானாவில், அந்த நீராவிக் குளியல் அறையின் மேல் பலகையில் அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பார். இலையுதிர் காலத்தில் அந்த மச்சம் காபித் தூள் ஒரு சிட்டிகை சிந்தியதுபோல இருந்தது. முதல் பனி விழுந்தபோது அதன் ஒரு பக்கம் மட்டும், ஈரக் காகிதத்தில் மை இறங்குவதுபோலக் கீழே இறங்கியிருந்தது. நிறமும் ஒரே நிறமாக இல்லை. வெளிச்சம் போதாததால் அப்படித் தெரிகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சானாவில் இருந்தது ஒரே ஒரு குட்டி பல்பு. அதை மாற்றிப் பெரிதாகப் போடும் எண்ணம் அவருக்கு வரவில்லை. "எப்படி இருக்கு வெர்ன்?" என்று அவள் ஒவ்வொரு வாரமும் கேட்பாள். அவர் கரண்டியால் தண்ணீரை மொண்டு சூடான கற்களின்மேல் ஊற்றுவார். சீறிக்கொண்டு ஆவி எழும்பி இருவரையும் மூடும். அதற்குள்ளிருந்து, "அப்படியேதான் இருக்கு" என்பார். கடைசியில் டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்தவள் அவள்தான், அரிக்கிறது என்று.

டாக்டர் படம் தெளிவாக வேண்டும் என்றதும் வெர்ன் வேலையில் இறங்கினார். எவ்வளவு வேலை! பழைய டிரைவரை அடியோடு நீக்கினார். அதன் மிச்சம் மீதிகளைத் தேடித் துடைத்தார். புதியதை இறக்கியபிறகு, அதைப் போட்டவர்கள் இணையத்தில் அழுதிருக்கும் அழுகைகளையெல்லாம் வாசித்தார். இரண்டு நாள் பொறுத்தால் இன்னும் புதியது வரும் என்று பொறுத்தார். பெட்டியைத் திறந்து விசிறித் தூசியைத் துடைத்தார். இத்தனை வேலை இருக்கும்போது ஒரு மனிதன் வேறு எதைப் பற்றியும் நினைக்க வேண்டியதில்லை. அப்படியும் மிச்சமிருந்த, புது டிரைவரைப் போடும் கடைசி வேலைக்கு, டாக்டர் வருகிற இந்தக் காலையை விட்டால் வேறு பொழுது இல்லாமல் போயிற்று.

திரை இன்னும் கறுப்பாகவே இருந்தது.

வழக்கமாக இந்தக் கறுப்பு ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான் நீடிக்கும். பழையதை விட்டுப் புதியதைப் பிடிக்கிற இடைவெளி. இன்றைக்கு மூச்சுகள் கணக்கில்லாமல் போய்க்கொண்டிருந்தன. பெட்டிக்குள் விசிறிகள் திடீரென்று ஊளையிட்டன, பிறகு ஒரேயடியாக அடங்கிப்போயின. நீல விளக்கு அணைந்தது. வீட்டில் அடுப்புக் குழாயில் சூடேறும் டிக்டிக் சத்தம் மட்டும்.

பெட்டியின் பொத்தானை அழுத்தலாம், அழுத்தினால் எல்லாம் போய்விடலாம். வெர்ன் விரலை எடுத்துக்கொண்டு போய்ப் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"அதுவும் எதிர்பார்த்ததுதானா?" என்றாள் லொரெய்ன், திரும்பாமல்.

"அதுக்கு ஒரு... ஒரு முறை இருக்கு லொரெய்ன். நீ பேசாம இரு."

இது எழுந்திருக்காவிட்டால் இன்றைக்கு டாக்டர் இல்லை என்று அவர் நினைத்தார். மறுபடி தேதி கேட்க வேண்டும். பனி உருகும் சமயத்துக்குத்தான் தருவார்கள். அதுவரை யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். அதுவரை ஒவ்வொரு சனிக்கிழமையும் சனிக்கிழமையாகவே இருக்கும். நினைத்தபோது அவர் மார்பில் ஏதோ இளகி, சுகமாக இருந்தது. அடுத்த கணம் அந்தச் சுகத்தைக் கண்டு அவரே பயந்தார். கையை நீட்டி, பார்க்காமலே பொத்தானை அழுத்தினார்.

விசிறிகள் உறுமின. திரை பளிச்சென்று வெளுத்தது.

"வந்துடுச்சு! சொன்னேன் இல்ல? நான் சொன்னேன் இல்ல?"

டாக்டரின் அழைப்பும் அதே நேரத்தில் மணியடித்தது. போன தடவை இளஞ்சிவப்பு மேகம்போல இருந்த டாக்டர் மெல்னிக், இந்தத் தடவை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்போல வந்து உட்கார்ந்தார். மூக்கின்மேல் புள்ளி புள்ளியாகத் தேமல். காதோரம் நரைத்த முடி ஒன்று தனியே சுருண்டிருந்தது. மூக்குக் கண்ணாடியின் ஒரு மூலையில் பெருவிரல் ரேகைகூடத் தெரிந்தது. வெர்னுக்குப் பயமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"பாரு லொரெய்ன்! தோடு முத்துன்னு தெரியுது பாரு! இதுதான் புது டிரைவர்!"

லொரெய்ன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஐயோ டாக்டர், போன தடவை உங்களைச் சின்னப் பொண்ணுன்னு நினைச்சேன்."

"போன தடவை படம்தான் எனக்குப் பிடிச்சிருக்கும் போல" என்று டாக்டர் சிரித்தார். "சரி, காட்டுங்க."

லொரெய்ன் திரும்பி, சட்டையை இன்னும் கொஞ்சம் விலக்கினாள். டாக்டர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"மன்னிக்கணும். எனக்கு அதே புகைதான்."

"அப்படி இருக்க வாய்ப்பே இல்லையே டாக்டர்" என்றார் வெர்ன், சங்கத் தலைவர் குரலில். "கார்டுக்குப் புது டிரைவர் போட்டிருக்கேன். ரெண்டு பக்கமும் வீடியோ துலங்கணும்."

"அது உங்களுக்கு நான் நல்லாத் தெரியறதுக்கு, மிஸ்டர் ஹெய்க்கிலா. எனக்கு நீங்க தெரியணும்னா அது உங்க கேமரா."

வெர்ன் நிமிர்ந்து பார்த்தார். அந்த மாபெரும் திரையின் உச்சியில் ஒரு குட்டிக் கேமரா தொற்றிக்கொண்டிருந்தது. ஆலையின் ஆபீசைக் காலி செய்தபோது குப்பையோடு போக இருந்ததை எடுத்துக்கொண்டு வந்தது. ஒரு கிளிப் உடைந்து, டேப் போட்டு ஒட்டியிருந்தார். வருஷக்கணக்கில் அவர் திரையைத் துடைத்திருக்கிறார், விசிறியைத் துடைத்திருக்கிறார். அதைத் துடைத்ததில்லை.

லொரெய்னின் முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று ஒரு கணம் பதறினார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கோர்டிகிட்ட நான்தான் சொல்லுவேன்" என்றாள். "நீ சொன்னா நல்லா இருக்காது."

"பரவாயில்ல" என்றார் டாக்டர். "போன் இருக்குமே? கிட்டத்துல வெச்சு ஒரு போட்டோ எடுத்து இப்பவே அனுப்புங்க. நான் காத்திருக்கேன்."

"வெளிச்சம் பத்தாது" என்றார் வெர்ன். "அப்புறம் போன்ல நிறமெல்லாம் மாறி விழும் டாக்டர். அதை நம்ப முடியாது. நான் புதுக் கேமரா ஒண்ணு வரவழைச்சு, அடுத்த மாசம்..."

"வெர்ன்" என்றாள் லொரெய்ன். சிரிப்பு நின்றிருந்தது. "எடு."

அவர் போனை எடுத்து அவள் முதுகுக்கு அருகே கொண்டுபோனார். முதலில் எல்லாம் மங்கல்தான். பழகிய மங்கல். சட்டையின் சிவப்பும் தோலின் வெளுப்பும் ஒன்றோடொன்று குழைந்திருந்தன. ஒரு மஞ்சள் சதுரம் திரையில் அலைந்தது, விலகியது, மறுபடி தேடியது. அவர் கை நடுங்கியதால் அதற்குப் பிடி கிடைக்கவில்லை. நடுக்கத்தை நிறுத்த அவர் முயலவில்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள், அவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று. சதுரம் நின்றது. ஆவி இல்லாமல், குட்டி பல்பு இல்லாமல், பனி வெளிச்சத்தில் அது அவர் எதிரே வந்து நின்றது. அதன் ஓரம் பிய்த்துப் போட்ட துணிபோல இருந்தது. அவர் விரல் தானாகவே அழுத்தியது.

அனுப்பினார். போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"வந்துடுச்சு" என்றார் டாக்டர். அவர் முகம் வேறு பக்கம் திரும்பியது. அங்கே இன்னொரு திரை இருக்க வேண்டும். வெள்ளை வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது.

அறையில் விசிறிகளின் சத்தம் மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. லொரெய்ன் ஜன்னலைப் பார்த்தபடி, விலகிய சட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சத்தத்தையே காணோம்?" என்று மெல்லக் கேட்டாள். "இங்கேர்ந்து எனக்கு எதுவும் தெரியல. அவங்க முகம் எப்படி இருக்கு, வெர்ன்?"

வெர்னின் கை அவள் முதுகுக்கு நீண்டு, அந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, தொடாமல் நின்றது. திரையில் டாக்டரின் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண்கள் அதோடு இல்லை. மூக்குக் கண்ணாடியின் இரண்டு வில்லைகளிலும், அந்தப் பெருவிரல் ரேகைக்குப் பின்னால், பொடிப் பொடியாக இரண்டு பழுப்புக் கறைகள் துல்லியமாகப் பிரதிபலித்தன. டாக்டர் முன்னால் குனிந்தார். கறைகள் இரண்டும் ஒரே நேரத்தில் பெரிதாயின.