ஒன்றரை மணிப் படம்

"இனிமே ஒண்ணும் மறைக்க முடியாது. எம் பொண்ணு மேலேருந்து பாக்குது" என்று பக்கெட் வாங்க வந்தவரிடம் அத்தா சொல்லிக்கொண்டிருந்தபோது நான் கடைக்குள் நுழைந்தேன். எனக்கும் வாயெல்லாம் பல்தான். அன்றுதான் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக் கணக்குப் போடும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது.

கடற்கரையை ஒட்டிய தெருக்களில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகள் வரக் கூடாதென்று சோதனை முறையில் தடை போட்டிருந்தார்கள். அங்கே சுற்றுலா வந்தவர்கள் நடுரோட்டில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். திருப்பிவிடப்பட்ட வேன்களும் கார்களும் எங்கள் தெருவுக்குள் வந்து மாட்டிக்கொண்டு உறுமின. அம்மாவுக்கு ஆஸ்துமா. பொழுது சாய்ந்தால் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சுக்கு அல்லாடுவாள். தடையால் ஊர்க்காற்று எவ்வளவு சுத்தமாயிற்று என்று செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிடும்படி காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையைக் கேட்டிருந்தார்கள். உண்மை தெரிந்தால் தடையை மாற்றிவிடுவார்கள் என்று அத்தாவைப் போலவே நானும் நம்பினேன்.

படங்களை இறக்கிப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. அந்தச் செயற்கைக்கோள் எங்கள் ஊருக்கு மேலே மதியம் ஒன்றரை மணிவாக்கில் போகிறது. அந்த நேரத்தில் புதுச்சேரியில் என்ன இருக்கும்? பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கப் போயிருக்கும். எங்கள் அத்தா குறட்டையே விட்டுக்கொண்டிருப்பார். கடற்காற்று வேறு உள்ளே வந்து மிச்சப் புகையையும் தள்ளிக்கொண்டு போயிருக்கும். போதாக்குறைக்கு, படத்தில் ஒரு கட்டம் என்பது சில கிலோமீட்டர். கடற்கரையும் எங்கள் தெருவும் ஒரே கட்டத்துக்குள் கிடந்தன. இந்த வருஷம் காற்று சற்றுப் பலமாக அடித்ததால், போன வருஷத்தைவிட ஊர் சுத்தம் என்றது கணக்கு.

"சார், தடை சாயங்காலம். நாம பாக்குறது மத்தியானம்" என்றேன் பேராசிரியர் தமிழ்மாறனிடம்.

"தெரியும்மா. சாயங்காலப் படம் நம்மகிட்ட இல்லியே. இல்லாதத எப்படிப் போடறது? கடைசிப் பக்கத்துல ஒரு வரி எழுதிடு."

எழுதினேன். தெருவில் வைத்து அளக்க ஒரு கருவி கேட்டேன். அதற்கெல்லாம் நேரமில்லை என்றார். அறிக்கை போயிற்று. கடைசிப் பக்கம் வரை எவன் படிக்கிறான்? முதல் பக்கத்து எண்ணைப் பார்த்தே தடையை நிரந்தரமாக்கி உத்தரவு போட்டுவிட்டார்கள். ஆத்திரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்.

"அந்தப் படத்தக் காட்டேன். நம்ம வீடு எங்க இருக்குது?"

லேப்டாப்பைத் திருப்பிக் கட்டத்தைத் தொட்டேன். "இதுக்குள்ளதாம்மா எல்லாரும் இருக்கோம்."

"பச்சையா இருக்குதே. பச்சைன்னா இன்னா?"

"சுத்தம்னு அர்த்தம். ஆனா இது மத்தியானத்துப் படம்மா, சாயங்காலப் புகை இதுல தெரியாது."

அம்மா அந்தப் பச்சைக் கட்டத்தை விரலால் தொட்டாள். பேசுவதற்கு முன் இரண்டு முறை மூச்சை இழுக்க வேண்டியிருந்தது.

"மத்தியானமும் எனக்கு இழுக்கத்தானே செய்யுது. காத்து மேல குத்தமில்ல அரீபா. எந் நெஞ்சுதான் கெட்டுப்போச்சு. சும்மா தெருவ ஏசிட்டு இருந்தேன்."

"அப்படி இல்லம்மா" என்று நான் எழுவதற்குள் அவள் புகைக்காகச் சாத்தியே வைத்திருந்த தெருப்பக்கத்து ஜன்னலின் கொக்கியை நீக்கி இரண்டு கதவுகளையும் விரியத் திறந்துவிட்டாள். வாசலை அடைத்து ஒரு வேன் புகை கக்கிக்கொண்டு நின்றிருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி, வாயைத் திறந்து அந்தக் காற்றை ஆழமாக உள்ளே இழுத்தாள்.