ரத்து செய்த வாக்கியங்கள்

1

ஒரு தையல் மெஷின் நிற்காமல் ஓடியதால்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். அழகுக்காகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

இதில் அக்கா, தங்கை என்று இரண்டு பெண்கள். பெரியவள் வீட்டு முன்னறையில் பள்ளிச் சீருடை தைப்பவள், ஏழு மாதம் முடிந்த கர்ப்பிணி. கல்யாணம் ஆகாத சின்னவள் அதே வீட்டில் இருந்துகொண்டு, வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார் பிரிவில் போன் எடுக்கிறாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அந்தச் சின்னவள் நான்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. ‘நான்’ என்று போட்டு எழுதிய முதல் பிரதி மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. எனக்கே கொட்டாவி வந்தது. அதனால் அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்திருக்கிறேன்.

எழுதி அடித்த தொடக்கங்கள்:

[அந்த வீட்டின் மேல் ஒரு இனம்புரியாத நிழல்... — ரத்து. நிழலும் இல்லை, ஒன்றும் இல்லை. டியூப் லைட் பளிச்சென்று எரிந்தது.]

[விசுவாசம் என்றால் என்ன? — ரத்து. பரீட்சைக் கேள்வி.]

2

‘ரத்து’ என் சொல் இல்லை, அந்த வீட்டில் பிடித்துக்கொண்டது.

அந்த வருடம் சபையில் ஒரு பழக்கம் பரவியது. போனில் வந்த வீடியோ ஒன்றில், சோபாவில் சிரித்தபடி உட்கார்ந்திருந்த ஒரு போதகத் தம்பதி, வாயில் வருவதுதான் வாழ்க்கையில் வரும், அதனால் நல்லதை மட்டும் வாய்விட்டு அறிக்கை பண்ணுங்கள் என்றார்கள். பெயர், நாவுக் காவல். எங்கள் பாஸ்டர் அதைத் தொடங்கி வைக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போன் கவரில் வந்தது, டி-சர்ட்டில் வந்தது, காபி கப்பில்கூட வந்தது. யாராவது நோய், பயம், நஷ்டம் என்று வாயெடுத்தால் பக்கத்தில் இருப்பவர் ‘ரத்து’ என்று சொல்ல வேண்டும். வாயெடுத்தவர் உடனே அதற்கு நேர்மாறாக ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் சின்னவள் வேலை முடிந்து வந்து, தலை வலிக்கிறது என்றாள். பெரியவள், அவள் கணவரான அத்தான், போன் ஸ்பீக்கரில் இருந்த அம்மா, மூவரும் ஒரே குரலில் ரத்து செய்தார்கள். தலை பாட்டுக்கு வலித்துக்கொண்டிருந்தது. மழை வரும்போல இருக்கிறது என்றதற்கும் ஒரு ரத்து விழுந்தது. மாடியில் காய்ந்த துணியெல்லாம் நனைந்தது.

(விசுவாசத்தைக் கிண்டல் செய்யும் கதை என்று ஆசையோடு வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். எழுதுகிறவள் ஜெபிக்கிறவள். புதிதாக வருவதெல்லாம் தப்பு என்றும் அவள் சொல்லவில்லை. வருவதை வாசலிலேயே நிறுத்தி, நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று விசாரிக்கத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. இதை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை. நல்ல சட்டை போட்டு வந்துவிட்டது.)

3

வயிற்றுக்குள் உதைக்கும்போதெல்லாம் பெரியவளின் கால் பெடலை விட்டுவிடும். மெஷின் சட்டென்று நிற்கும். “ஏய், ஓடி வா, கையை வை” என்பாள். ஒரு சட்டைக் காலர் முடிவதற்குள் நாலு தடவை நிற்கும். அந்தச் சத்தத்துக்குச் சின்னவளின் காது பழகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மெஷின் நிற்கவே இல்லை. ஒரு சட்டை முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. தரையில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, உதைக்கிறானா?”

“சமாதானமா இருக்கான்.”

“அசையறானான்னு கேட்டேன்.”

“அதான் சொல்றேனே. சமாதானமா இருக்கான்.”

நூல் ஊசிக்குள் நுழையவில்லை. நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி மறுபடி கோக்கப் பார்த்தாள்.

அசைவு குறைந்தால் அந்த நிமிடமே கிளம்பி வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குறைந்ததா இல்லையா என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது, சுமக்கிறவள் வாய் திறந்தால்தான் உண்டு. காவல் போட்டிருந்தது அந்த வாய்க்கு.

சின்னவள் தன் வேலையை வைத்தே வாதாடினாள். “நாள் பூரா ஆளுங்க எனக்குப் போன் பண்ணி மெஷின் ஓடலைன்னு சொல்றாங்க. விசுவாசத்துல ஓடுதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லக்கா.”

“டிகிரி வாங்கிட்டா என் பிள்ளையும் வாஷிங் மெஷினும் உனக்கு ஒண்ணாயிடுமாடி?”

அந்த டிகிரிக்காகப் படிப்பை நிறுத்தியவள் பெரியவள். அதனால் அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. சின்னவள் வேறு வழி பார்த்தாள். சும்மா ஒரு செக்கப், காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றாள். ‘சும்மா’ எந்தக் காவலுக்கும் அகப்படாத சொல். பெரியவள் அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி எழுந்து செருப்பைத் தேடினாள்.

4

அத்தான் என்னும் பாத்திரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான்.

[மீசையை முறுக்கியபடி அவர்... — ரத்து. அத்தானுக்கு மீசையே கிடையாது.]

[மனைவியின் உடல்நிலையைச் சிறிதும் பொருட்படுத்தாத அவர்... — ரத்து. பச்சைப் பொய். தினமும் அவள் காலைப் பிடித்துவிட்டு, பாத்திரமும் தேய்த்து வைக்கிற மனுஷன்.]

உண்மை இது. இதற்கு முன் ஒரு கர்ப்பம் நாலாம் மாதம் கலைந்தது. அதற்கு முந்தின வாரம், ஜெபக் கூட்டத்தில் அத்தான் எழுந்து, எனக்குப் பயமாக இருக்கிறது, ஜெபம் பண்ணுங்கள் என்று கேட்டிருந்தார். துக்கம் விசாரிக்க வந்த ஒரு பெண்மணி டீ குடித்துக்கொண்டே சொன்னார்: “அன்னைக்கு அந்த வார்த்தையை நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் தம்பி.”

அத்தான் அதை நம்பினார். தன் வாயே தன் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று நம்பிய ஒரு மனிதன் வீடு முழுக்கக் காவல் போடாமல் என்ன செய்வான்?

இதை எழுதியபோது என் கோபம் குறையவில்லை, ஆளை மட்டும் மாற்றிக்கொண்டது.

5

மூவரும் போய் நின்ற பிரசவ வார்டு மேசையில் நர்ஸ் பேனாவைத் திறந்து, என்ன பிரச்சனை என்று கேட்டார். அத்தான் சிரித்த முகத்தோடு, எல்லாம் நன்றாக இருக்கிறது, சும்மா செக்கப் என்றார். எல்லாம் நன்றாக இருந்தால் நாளைக் காலையில் வரச் சொல்லிவிட்டு நர்ஸ் பேனாவை மூடப் போனார்.

சின்னவள் வாயெடுத்தாள். பெரியவள் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

(அவளே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்கிறீர்கள். எழுதிப் பார்த்தேன். அந்தப் பிரதியில் சின்னவள் கதாநாயகி ஆகிவிட்டாள், பெரியவள் தூக்கிக்கொண்டு வந்த பை ஆகிவிட்டாள். அவள் சொல்லாவிட்டால் நானே சொல்லியிருப்பேன், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் முதல் உரிமை அவளுடையது.)

சின்னவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அக்கா, சிலுவைக்கு முந்தின ராத்திரி இயேசு தோட்டத்துல குப்புற விழுந்து, இது எனக்கு வேண்டாம்னு வேர்த்து விறுவிறுத்துக் கெஞ்சினாரே. அவரை யாரு ரத்து பண்றது?”

அத்தான் தரையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்த பிடி தளர்ந்தது. பெரியவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து சாயங்காலத்துலேருந்து அசையல சிஸ்டர். எனக்குப் பயமா இருக்கு.”

சின்னவள் அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாய் திறந்தது. அந்த ஒற்றைச் சொல் இப்போது வந்து விழும் என்று இவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“எனக்கும்” என்றார் அவர்.

நர்ஸ் அதற்குள் எழுந்திருந்தார். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று கடிந்துகொண்டே சக்கர நாற்காலியை இழுத்தார்.

6

இனி முடிவு. கைவசம் இரண்டு இருக்கின்றன.

அ) இதயத் துடிப்பு கேட்டது. உடனே நீங்கள் கை தட்டுவீர்கள். உண்மையைச் சொன்னதால் பிழைத்தது என்பீர்கள். அடுத்த வாரமே அதையும் யாராவது காபி கப்பில் அச்சடிப்பார்கள்.

ஆ) கேட்கவில்லை. அந்தப் பெண்மணி மறுபடி டீ குடிக்க வருவார். நர்ஸின் மேசைக்கு முன்னால் நின்று பெரியவள் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்பார்.

இரண்டும் ஒரே கடைச் சரக்கு, வாயில் வருவதுதான் வாழ்க்கையில் வரும் என்கிற கடை. பெரியவள் சொன்னது உண்மை, அதனால் சொன்ன கணத்திலேயே அது சரி. ஆஸ்பத்திரி மெஷின் என்ன காட்டினாலும் அது தப்பாகப் போவதில்லை. இதில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை.

எழுதப் போகிறேன் என்று நான் சொன்னபோது பெரியவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “என் பிள்ளையை வெச்சு, பார்த்தீங்களா இப்படித்தான் நடக்கும்னு யாரும் சாட்சி சொல்லக் கூடாது. அவங்களும் வேண்டாம், நீயும் வேண்டாம்.”

எனவே இரண்டு முடிவையும் எழுத மாட்டேன். கதை அந்த அறையில்தான் நிற்கிறது. நர்ஸ் பெரியவளின் வயிற்றில் பெல்ட்டைக் கட்டி, கருவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, உதட்டில் விரலை வைக்கிறார். பெரியவள் கண்ணை மூடவில்லை. அவள் ஒரு கை அத்தானிடம், இன்னொன்று சின்னவளிடம். கருவியில் இப்போதைக்கு வெறும் இரைச்சல்.

சுவரோரம் ஒரு ஆள் நிற்க இடம் இருக்கிறது. வாருங்கள். எதையும் அறிக்கை பண்ண வேண்டாம். எங்களோடு சேர்ந்து காது கொடுங்கள், போதும்.