தவளைச் சட்டை

எங்கள் தையல்கடையில் மாமாவுக்கு அளவு தப்பி நான் பார்த்ததே இல்லை. அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இதைச் சொல்லியே என் காதைத் துளைத்துவிட்டார். "டேப்பை ஒரு தடவை போட்டாப் போதும், ஆயுசுக்கும் மறக்காது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். ஓரத்தில் உட்கார்ந்து பட்டன் தைக்கிற எனக்கு, இந்த மனுஷன் ஒரே ஒரு முறை சறுக்குவதைப் பார்த்துவிட வேண்டும் என்று கொள்ளை ஆசை.

அந்த வாய்ப்பு தவளை உருவத்தில் வந்தது.

அக்கா மகளை வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். வயது ஐந்து, வாய் ஐம்பது. பள்ளி நாடகத்தில் அவள்தான் தவளை. மழை பெய்யாமல் காய்ந்துபோன தவளை ஒரு பானையைக் கண்டுபிடித்து, "தண்ணி, இன்னும் தண்ணி" என்று கத்திக் கத்திக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேடம். அதற்கே வீடு அமர்க்களப்பட்டது. மாமா ஊரார் துணியையெல்லாம் ஓரங்கட்டிவிட்டுப் பச்சை சாட்டின் துணியை எடுத்து வெட்டினார். அக்கா பஞ்சடைத்து இரண்டு பெரிய கண்கள் தைத்தாள். குதிக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு. முட்டி வலித்ததுதான் மிச்சம்.

வாண்டு வேடத்துக்குள் முழுசாக இறங்கிவிட்டாள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள்.

"எதுக்குடி இவ்வளவு?" என்று கேட்டால், "நான் தவளை, சித்தி" என்பாள்.

எங்களுக்குச் சிரித்து மாளவில்லை. எப்போதோ விட்டுப்போன படுக்கை நனைக்கிற பழக்கம் திரும்பி வந்தபோதுகூட, அக்கா விரிப்பை உதறிக்கொண்டே, "தவளை குளத்தையும் கையோட கூட்டிட்டு வந்திருச்சு" என்றாள்.

சட்டையைப் போட்டுப் பார்த்த அன்று நான் துள்ளிக் குதித்தேன். இடுப்பில் தொளதொளவென்று தொங்கியது.

"மாமா, உங்க டேப்பு உங்களுக்கே டாட்டா காட்டிருச்சு."

"ஏதோ கை தவறிருச்சு போல" என்றார் மாமா. அவர் வாயால் அந்த வார்த்தை வந்ததே எனக்கு ஒரு திருவிழா. பக்கத்துக் கடை, எதிர்க்கடை என்று ஒன்று விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தார்.

நாடகத்தன்று காலை வாண்டை முக்காலியில் ஏற்றிச் சட்டையை மாட்டினோம். மறுபடியும் தொளதொள.

"இப்ப என்ன சொல்றீங்க மாமா?" என்று ஆரம்பித்தேன். அவர் காதில் விழவே இல்லை. சட்டையைக் கழற்றினார். பிடித்த தையலைப் பிரித்தார். முதலில் அளவெடுத்து வெட்டி ஆணியில் மாட்டியிருந்த காகித மாதிரியை எடுத்து, பிரித்த துணியை அதன்மேல் விரித்தார். ஓரத்தோடு ஓரம் ஒட்டி உட்கார்ந்தது. அப்புறம் டேப்பை வாண்டின் இடுப்பில் சுற்றினார். எண்ணைப் பார்த்தார். இன்னொரு முறை சுற்றினார்.

"துணி சரியாத்தான் இருக்கு" என்றார். "பிள்ளைதான் குறைஞ்சிருக்கா."

அக்கா மிதித்துக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. நான் அப்போதுதான் வாண்டை நன்றாகப் பார்த்தேன். முக்காலியிலேயே கண் சொருகியிருந்தது. மூச்சு பெரிது பெரிதாக வாங்கியது. தூக்கிக்கொண்டபோது வாயில் அழுகின பழ வாசனை.

"என்னடி தின்ன?"

"தண்ணி" என்றாள்.

அதற்கப்புறம் யார் எதைப் பூட்டினோம் என்று தெரியாது. குளிருகிறது என்று அவள் முனக, கைக்குக் கிடைத்த பச்சைச் சட்டையையே சுற்றிக்கொண்டு ஓடினோம். தெருமுனையில் நின்ற டாக்சிக்காரர், மாமா வாயைத் திறக்கும் முன்னே வண்டியைக் கிளப்பிவிட்டார். "தூங்காதே தங்கம், குதிச்சுக் காட்டு" என்று அக்கா வழியெல்லாம் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். எனக்கு அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும் போல இருந்தது.

டாக்டரம்மா முதலில் கேட்டதே, "தண்ணி நிறையக் குடிக்கிறாளா?" என்றுதான்.

"அவ தவளை, டாக்டர்" என்றாள் அக்கா. சொன்னபிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. வாண்டின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். அப்புறம் நர்சுகள் ஓடினார்கள், பாட்டில் தொங்கியது, கதவு சாத்திக்கொண்டது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தவர் விஷயத்தை உடைத்தார். சர்க்கரை எகிறியிருக்கிறது. உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோகிற நோய். இனி ஆயுசுக்கும் ஊசி. ஆனால் பிழைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நினைவே போயிருக்கும். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சட்டை லூசாச்சு" என்றார் மாமா.

டாக்டரம்மா போனபிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "ஒரே ஒரு தடவை என் அளவு தப்பா இருந்திருக்கக்கூடாதா?" என்று கேட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

தவளை இல்லாமல் நாடகமா என்று டீச்சர் தள்ளிவைத்துவிட்டார். அந்த இடைவெளியில் அக்கா ஊசி போடக் கற்றுக்கொண்டாள். பிறந்ததிலிருந்து ஊசி பிடித்த கை, இந்த ஊசியை மட்டும் கோணலாகப் பிடித்தது. "அம்மா, நேரா தை" என்று வாண்டுதான் அதட்டினாள்.

சட்டையை மறுபடி போட்டுப் பார்த்தோம். பட்டன் மாட்டவில்லை. இறுக்கம். "மாமா, அளவு தப்பு" என்று நான் கத்த, அவர் கத்திரியைத் தூக்கிக்கொண்டு என்னைத் துரத்தாத குறைதான். உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்துப் பெரிதாக்கும்போது விசில் அடித்தார் மனுஷன்.

நாடகம் நடந்தது. பச்சைத் தவளை குதித்து வந்து பானையில் வாய் வைத்தது. எத்தனை வாய் குடிக்கிறாள் என்று நாங்கள் மூன்று பேரும் எண்ண ஆரம்பித்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு வாண்டு நிமிர்ந்தாள். கூட்டத்தில் எங்களைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"போதும். எனக்குத் தாகம் போயிடுச்சு" என்றாள்.

வசனத்தை மாற்றிவிட்டாளே என்று டீச்சர் திரையோரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். மேகமாக நின்ற பையன் எப்போது மழை பெய்வது என்று புரியாமல் விழித்தான். நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்று கைதட்டினோம்.