பக்கத்துக் கம்பி

"கரண்ட் நிறுத்தின லைன்டீ அது!"

"நிறுத்தினது இதுல மட்டும்தான் மாமா, பக்கத்துல ஓடுதே அது..."

"அது வேற, இது வேற. ஒண்ணை ஒண்ணு தொடவே இல்லை..."

"தொடவே வேணாம்! அதுல கரண்ட் ஏறி எறங்குறப்பல்லாம் இதுல எதிர்ப்பக்கமா ஒண்ணு கெளம்பும். மொதல்ல அண்ணனை எறங்கச் சொல்லுங்க."

அத்திபெலே தாண்டி, நெடுஞ்சாலையோரத்து மின்கோபுரத்தடியில்தான் இந்தக் கூச்சல். கான்ட்ராக்ட் கேங்குக்கு மேஸ்திரியான வெங்கடசாமியும், அவரிடமே வேலைக்குச் சேர்ந்த அக்கா மகள் சோனியாவும். அவள் அண்ணன் முகேஷ், கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்து கம்பி அறுந்து தொங்கியதைச் சரிசெய்யப் பாதிக்கு மேல் ஏறிவிட்டான்.

"எர்த் பண்ற செயின் எங்க மாமா?"

"வைட்ஃபீல்ட் கேங் கேட்டாங்க, குடுத்துட்டேன். சப்ஸ்டேஷன் முனையில எர்த் போட்டாச்சுல்ல?"

"அது அந்த முனை. இங்க மண்ணுக்குப் போக வழியே இல்லை. அண்ணன் கை வெச்சா அவன்தான் வழி."

"டெஸ்டர் கத்தலையே! நீயும்தானே பாத்தே?"

"பாத்தது சாப்பாட்டு நேரத்துல. ஃபேக்டரியெல்லாம் படுத்திருந்துச்சு. இப்ப சங்கு ஊதிட்டாங்க, மிஷின் பூரா ஓடுது."

"ஸ்வல்ப... கொஞ்சம் வாயை மூடு. டிப்ளமா படிச்சா மாமனுக்கே பாடமா?"

அவள் அண்ணாந்து கத்தினாள். "அண்ணா, எறங்கிடு!"

"மேஸ்திரி சொல்லட்டும், எறங்குறேன்!" முகேஷ் மேலேயிருந்து சிரித்தான். "உங்க கச்சேரி ஓசூர் வரைக்கும் கேக்குது!" இன்னும் மேலே போனான்.

இவள் வாயை அடைக்கத்தான் வெங்கடசாமி நீளக் கழியின் நுனியில் டெஸ்டரை மாட்டினார். அறுந்து, கோபுரத்தைத் தொடாமல் தொங்கிய கம்பி முனைக்கு அதை உயர்த்தினார்.

டெஸ்டர் கத்தியது. விடாமல் கத்தியது.

கழியைப் போட்டுவிட்டு அண்ணாந்தார். "எறங்குடா! டேய் முகேஷு, எறங்குடா!"

"அண்ணா, வேணாம்ணா!"

சாலையில் லாரிகள் ஓயாமல் ஹாரன் அடித்தன. அத்தனை உயரத்தில் முகேஷின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது, ஒன்றின்மேல் ஒன்று ஏறி வரும் இரண்டு குரல்கள் மட்டும்தான். காலையிலிருந்து கேட்கிற அதே சத்தம். குனிந்துகூடப் பார்க்கவில்லை. போதும் போதும் என்பதுபோல் ஒரு கையை வீசிக் காட்டினான். மறு கையைக் கம்பியை நோக்கி நீட்டினான்.

"அண்ணா, இது சண்டை இல்லைண்ணா! தொடாத!"