பேஹாலாவிலிருந்து வந்த பாபி

நாற்பத்தேழாவது வயதில் கதிரேசனுக்குத் தன் லட்சியம் என்னவென்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் தொல்லை. அதை நாலு பேரிடம் சொல்ல முடியவில்லை.

துர்கா பூஜைப் பந்தலில் மைக்கைப் பிடித்து அறிவிப்புச் செய்ய வேண்டும். அவ்வளவுதான். பாட வேண்டாம், பேச வேண்டாம். "தம்தமிலிருந்து வந்திருக்கும் இன்னார், நீங்கள் எங்கிருந்தாலும் உடனே எங்கள் மேடைக்கு முன்னால் வரவும், உங்கள் வீட்டார் காத்திருக்கிறார்கள்" என்று வங்காளத்தில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கொல்கத்தா வந்து முதல் பூஜை பார்த்த அன்று, எல்லோரும் அம்மனைப் பார்த்துக் கைகூப்பி நின்றபோது அவர் மட்டும் கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்து வாய்பிளந்து நின்றார். லட்சம் பேர் நெரிசலில் ஒருவரைக் காணோம். ஒரு குரல் கூப்பிடுகிறது. ஐந்தே நிமிஷத்தில் அந்த ஒருவர் வந்து நிற்கிறார். கிடர்பூரில் ஏற்றுமதி இறக்குமதி ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மனிதருக்கு இது சாதாரண விஷயமில்லை. அவர் கூப்பிட்டு ஒரு கன்டெய்னர்கூட ஐந்து நாளில் வந்ததில்லை.

இந்த ஆசை தன் பாட்டுக்கு உள்ளேயே கிடந்திருக்கும். அலுவலகத்தில் ‘உங்களை நீங்களே கண்டுபிடியுங்கள்’ என்று ஒருநாள் பயிற்சி வைத்துக் கெடுத்தார்கள். நடத்த வந்தவன் நிர்மல் என்ற கோயம்புத்தூர்ப் பையன், முப்பது வயது, கன்னத்தோரம் குட்டி மைக் மாட்டியிருந்தான். மனசுக்குப் பிடித்ததைக் காகிதத்தில் எழுதச் சொன்னான். கதிரேசன் உள்ளதை எழுதினார். அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "சார், இது ரொம்பச் சின்னதா இருக்கே. பெருசா யோசிங்க," என்றான் நிர்மல்.

பெரிதாக யோசித்து, சால்ட் லேக்கில் ஒரு மேடைப்பேச்சு வகுப்பில் சேர்ந்தார். எட்டு வாரம். தலைமைப் பண்பு பற்றிப் பேசினார், நேர நிர்வாகம் பற்றிப் பேசினார். ஆறாவது வாரம், தான் பேசும்போதே தனக்குக் கொட்டாவி வந்ததும் அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. தன்னிடம் கருத்து எதுவும் இல்லை. தகவல் இருந்தால் சொல்லலாம். இதை வீட்டில் சொன்னபோது மனைவி வித்யாலட்சுமி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "ஏங்க, இந்த வயசுல எல்லாருக்கும் சுகர் வருது, உங்களுக்கு லட்சியம் வந்துருக்கு. மாத்திரை இருக்கான்னு கேட்டுப் பாருங்க."

பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்னால் அவர்கள் குடியிருக்கும் பாடாவில், அதாவது அந்த நாலு தெருவில், பூஜை சங்கத்தின் செயலாளர் தபன்தா. நல்ல மனிதர், மைக் விஷயத்தில் மட்டும் பெற்ற மகனையும் நம்பமாட்டார். பதினோரு வருஷமாக அறிவிப்புச் செய்துவந்தவருக்கு இந்த வருஷம் சப்தமியன்று தொண்டை கட்டிக்கொண்டது. அஷ்டமி மதியம் தபன்தா ஆள் தேடிக்கொண்டிருந்தபோது கதிரேசன் முன்னால் போய் நின்றார். பாடாவில் அவர் பெயர் கொதிரேஷ்தா. வங்காள வாயில் அகரம் ஒகரமாகி, அண்ணன் என்பதற்கான ‘தா’வும் ஒட்டிக்கொண்டு, தான் கொதித்துக்கொண்டிருப்பதில் அவருக்கு ஆட்சேபம் இருந்ததில்லை.

"வங்காளம் படிப்பீங்களா?" என்று கேட்டார் தபன்தா.

படிப்பேன் என்றார் கதிரேசன். பாதி உண்மை. பேச வரும், எழுத்து தெரியாது. ஒரு மணி நேரம் பார்க்கிறேன், சரியாக வந்தால் நவமி, தசமியும் உங்களுக்குத்தான், தப்பு வந்தால் அடுத்த வருஷமும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்றார் தபன்தா.

யார் என்ன சொன்னாலும் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு படித்துவிடலாம் என்பது கதிரேசனின் திட்டம். இதில் உள்ள ஆபத்தை ஒன்பதாவது படிக்கும் மகள் சரிதா ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தாள். தமிழைவிட வங்காளம் சரளமாகப் பேசுகிறவள். "பாபா, உங்களுக்கு நடுவுல வர்ற ‘ப’ எல்லாம் பஸ்ஸுல வர்ற ‘ப’ ஆயிடுது. பட்டுல வர்ற மாதிரி அழுத்திச் சொல்லணும்," என்று ஒரு வாரம் உயிரை வாங்கியிருந்தாள்.

நாலு மணிக்கு மைக் கைக்கு வந்தது. முதல் அறிவிப்பு, வழியை மறித்து நின்ற ஒரு வெள்ளைக் காரின் எண். இருபது வருஷமாக போனில் கன்டெய்னர் எண் சொன்ன குரல், தண்ணீர் மாதிரி ஓடியது. தபன்தா தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அப்புறம் எல்லோரும் ஒரே சமயத்தில் வந்தார்கள். தொலைந்த செருப்பு, கிடைத்த மூக்குக்கண்ணாடி, ரத்ததான முகாம், நடுவில் பேஹாலாவிலிருந்து வந்த ஒரு வயதான அம்மாள். மகனைக் காணோமாம், பெயர் பாபியாம். பஸ்ஸில் வருகிற ‘பா’, பட்டில் வருகிற ‘ப’. வங்காளத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் செல்லப்பெயர். கதிரேசன் தமிழில் ‘பாபி’ என்று எழுதிக்கொண்டார்.

அதன் முறை வந்தபோது மகளின் எச்சரிக்கை சரியாக ஞாபகம் வந்தது. இரண்டாவது எழுத்தைப் பட்டு மாதிரி அழுத்தமாகச் சொன்னார். முதல் எழுத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. அதனால் அதையும் பட்டாகவே சொன்னார். வங்காளத்தில் அப்படிச் சொன்னால் பாவி என்று அர்த்தம்.

"பேஹாலாவிலிருந்து வருகை தந்திருக்கும் பாவி அவர்களே, தாங்கள் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு முன்னால் வரவும். தங்கள் தாயார் காத்திருக்கிறார்கள்."

கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

பந்தலே சிரிப்பில் வெடித்தது. தாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து சிரித்தார். இரண்டு நிமிஷத்துக்குள் பேஹாலாவைச் சேர்ந்த மூன்று ஆண்கள் மேடைக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் சந்தேகத்தின்பேரில் வந்திருந்தார். ஒருவரை அவர் மனைவி அனுப்பிவைத்திருந்தார். மூன்றாமவர்தான் பாபி, ஐம்பத்திரண்டு வயது, பெரிய மீசை, கையில் பாதி தின்ற முட்டை ரோல், முகம் கோபத்தில் சிவந்திருந்தது. யார் என்னைப் பாவி என்றது என்று கேட்டார். அவர் அம்மாள் குறுக்கே வந்தார்.

"முப்பது வருஷமா நான்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். மைக்கு இல்லாம யாரு கேட்டா?"

தபன்தா ஓடிவருவது தெரிந்தது. எல்லாம் முடிந்தது என்று கதிரேசன் மைக்கை மேஜைமேல் படுக்கவைத்தார். வந்த தபன்தா கோபித்துக்கொள்ளவில்லை. மேடைக்கு முன்னால் பையன்கள் போனைத் தூக்கிப் படம்பிடிப்பதையும், பக்கத்துப் பந்தலுக்குப் போக வேண்டிய கூட்டம் இங்கேயே நின்றுவிட்டதையும் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். குரலைத் தாழ்த்தி, "கொதிரேஷ்தா, ராத்திரி ஏழுலேர்ந்து பத்து உங்களுக்கு. மணிக்கு ரெண்டு இந்த மாதிரி எடுத்து விடுங்க," என்றார்.

ஏழிலிருந்து பத்து. அந்த நேரத்தில்தான் லட்சம் பேர் வருவார்கள். கதிரேசனுக்கு வாய் ஊறியது. சரி என்று சொல்லத்தான் போனார். அப்போது மேடைக்குக் கீழே அந்த அம்மாளின் கை கண்ணில் பட்டது. வாய் மகனைத் திட்டிக்கொண்டிருந்தது. கை அவர் சட்டையின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. இதைப் பார்க்கத்தான் கதிரேசன் இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தார். சிரிப்புச் சத்தத்தில் கிட்டத்தட்ட தவறவிட்டிருப்பார்.

"வேண்டாம் தபன்தா," என்றார். "ஆளைக் கூப்பிட்டா ஆள் வரணும். எனக்கு அது போதும்."

அதோடு விட்டிருக்கலாம். மனசு திறந்துகொண்டதால், தனக்கு வங்காள எழுத்து தெரியாது என்பதையும் சொல்லிவிட்டார். பிறகு நவமியன்று ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை கேட்டார். தேடி வருகிறவர்கள் பக்கத்திலேயே நின்று காதில் பெயரைச் சொல்லட்டும், நான் அப்படியே திருப்பிச் சொல்கிறேன், காகிதமே வேண்டாம் என்றார். தபன்தா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். மதியம் ஊரே சாப்பிட்டுவிட்டுத் தூங்கும், உங்களை யார் கேட்பார்கள் என்றார்.

"அப்பவும் யாராவது தொலைவாங்கல்ல?"

நவமி மதியம் வெயில் கொளுத்தியது. முதல் நாள் மாதிரி இன்னொரு பாவியைக் கேட்கலாம் என்று வந்த பையன்கள் சிலர் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, இவர் ரொம்பச் சரியாகச் சொல்கிறார் என்று குறைப்பட்டுக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டரை மணிக்குச் சாந்த்ராகாச்சியிலிருந்து வந்த ஒரு மனிதர், மனைவியைக் காணோம், போனும் தன் பையிலேயே இருக்கிறது என்று வியர்த்து நின்றார். காதில் பெயரைச் சொன்னார். கதிரேசன் இரண்டு தடவை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்து, அவர் தலையாட்டிய பிறகு மைக்கைத் திறந்தார். வாக்கியம் ஒரு மேடுபள்ளமில்லாமல் போய் முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. நாற்காலியில் தூங்கியவர்கள் கண்ணைத் திறக்கவில்லை.

கடைசி வரிசை மின்விசிறிக்கு அடியிலிருந்து ஒரு பெண் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தாள். எங்கே போனாய் என்று அவர் கேட்டார், நீங்கள் எங்கே போனீர்கள் என்று அவள் கேட்டாள். சண்டை போட்டுக்கொண்டே இருவரும் வாசல் பக்கம் நடந்தார்கள். மேடையை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர்கள் தலை மறையும்வரை கதிரேசன் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.