பார்க்காத அறைக்கு ஐம்பதாயிரம்

வீடு மாற்ற விலை சொல்ல வருகிறவன் எல்லா அறையையும் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்லுவான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் வரச் சொன்னேன். வேறு என்ன செய்ய? நுமாசு ஊரில் நாங்கள் முப்பது வருஷம் குடியிருந்த நகராட்சிக் குடியிருப்பை இடிக்கப் போகிறார்களாம். மார்ச் முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். படிப்பும் வேலையும் மாறுகிற மாதம் அது, நாடே வீடு மாறும். சாமான் ஏற்றும் கம்பெனிக்காரர்கள் அந்த ஒரு மாதம் மாப்பிள்ளை முறுக்கோடு இருப்பார்கள். இரண்டு கம்பெனிகள் வண்டி இல்லை என்று போனை வைத்தே விட்டன. மூன்றாவது கம்பெனிதான் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னது.

ஆனால் வண்டி கிடைக்காதே என்பதல்ல என் பயம். என் பயமெல்லாம் என் மகன் ஷூன்ஜியைப் பற்றி.

அவனுக்கு முப்பத்தொரு வயது. ஆறு வருஷமாக அறையை விட்டு என் கண்ணெதிரே வந்ததில்லை. நான் வேலைக்குப் போன பிறகு குளிப்பான். ஈரத் துண்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே வைப்பேன், காலியாகத் திரும்பி வரும். அவன் குரலைக் கடைசியாகக் கேட்டு இரண்டு வருஷம் இருக்கும்.

மூன்று வாரம் முன்பு நகராட்சி நோட்டீசையும் புது வீட்டின் வரைபடத்தையும் கதவிடுக்கில் செருகினேன். அங்கே இரண்டே அறை. வாசலை ஒட்டிய அறையில் என் பெயரையும், பின்னால் இருக்கிற அறையில் அவன் பெயரையும் பென்சிலால் எழுதியிருந்தேன். பின் அறை ஜன்னலுக்கு எதிரே வெறும் சுவர்தான், யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அவனுக்கு அதுதானே வேண்டும்? பதில் வரவில்லை. வியாழக்கிழமை இன்னொரு சீட்டு செருகினேன்: சனிக்கிழமை விலை சொல்ல ஆள் வருகிறார்.

அன்றிலிருந்து தட்டு தொடப்படவில்லை. நாலு வேளை. நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை.

ஏன் கதவைத் திறந்து பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். உள்ளே கழி கொடுத்து அடைத்திருந்தான் என்று சொல்லலாம், ஆனால் அது சாக்கு. பழைய தள்ளுகதவு, ஒரு தள்ளு தள்ளினால் கழன்று வந்துவிடும். திறந்தால் எதைப் பார்ப்பேனோ என்ற பயம்தான். வெள்ளிக்கிழமை, நான் வேலை பார்க்கிற கடையில் கொரொக்கே என்கிற உருளைக்கிழங்கு வடை பொரிக்கும்போது நினைப்பு வீட்டிலேயே இருந்து, எண்ணெய் தெறித்து மணிக்கட்டு வெந்துபோனது.

விலை சொல்ல வந்தவன் பெயர் தொகாஷி. குண்டு ஆள், குளிரிலும் வியர்த்துக்கொண்டிருந்தான். கம்பெனி அன்பளிப்பாக இரண்டு கிலோ அரிசியை இரு கையாலும் நீட்டினான். வாசலிலேயே புதுக் காலுறை மாட்டிக்கொண்டு அளவு நாடாவோடு கிளம்பிவிட்டான்.

"முராகோஷி அம்மா, இந்தக் குளிர்பெட்டிக்கு என் வயசு இருக்குமே! இதுக்குக் கருமாதி பண்ணக் கூடவே ஒரு பூசாரியும் அனுப்பணுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் ஒவ்வோர் அறையாக எண்ணிக்கொண்டு நடைக்கு வந்தான். தொடாத தட்டைத் தாண்டி, அந்தக் கதவு முன் நின்றான்.

"இது?"

"சாமான் ரூம். கதவு இறுகிப் போச்சு."

"அவ்வளவுதானே? நான் தோள் குடுத்தா திறக்காத கதவு இந்த ஊர்ல இல்ல." தோளைக் கொண்டுபோய் வைத்தான்.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அவன் கையை எடுத்துக்கொண்டான். "சரிம்மா, சரி. ஆனா பாக்காம விலை சொன்னா, ரூம் நெறைய சாமான் இருக்குன்னுதான் நான் போடணும். மூணு டன் வண்டி வேணும். ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் யென்."

"பாத்தா?"

"சும்மா கொஞ்சம் சாமான்தான்னா ரெண்டு டன் போதும். ஒரு லட்சத்து நாப்பதாயிரம்."

ஐம்பதாயிரம். பத்து நாள் கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் நிற்கிற கூலி. ஒரு கதவைத் திறக்காமல் இருக்க அவ்வளவு.

"ஒண்ணு தொண்ணூறே போடுங்க தம்பி."

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். பேரம் பேசாத ஆளை மார்ச் மாதத்தில் அவன் பார்த்திருக்கவே மாட்டான். "அப்படி என்னம்மா உள்ள? யாராச்சும் செத்துக்கித்துக் கெடக்காங்களா?" என்று சொல்லிச் சிரித்தான்.

நான் அப்படியே நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஐயையோ, வெளையாட்டுக்குச் சொன்னேம்மா! தண்ணி கொண்டாரவா?"

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கரகரவென்று, துருப்பிடித்த குழாய் மாதிரி.

"எட்டுப் பெட்டி."

தொகாஷியின் கையிலிருந்து நாடா விழுந்து உருண்டது. "அம்மா… சாமான் பேசுது."

உயிரோடு இருக்கிறான். எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் நான் ஒரு சத்தம் போட்டால் அவன் திரும்ப அடங்கிவிடுவானோ என்று மூச்சுவிடவே பயந்தேன். தொகாஷியைப் பார்த்துக் கைகூப்பி, பேசு, பேசு என்று சைகை செய்தேன்.

அவன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முட்டாள் இல்லை. கதவருகே குந்தி, வியாபாரக் குரலிலேயே கேட்டான்: "எட்டுன்னா சின்னதா, பெரிசா?"

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"புத்தகம்."

"அப்ப சின்னதுதான். பெரிய பெட்டியில புத்தகம் போட்டா அடி பிஞ்சுரும், பசங்க என்னைத்தான் திட்டுவாங்க. கட்டில்?"

"இல்ல. மெத்தை."

"கம்ப்யூட்டர்?"

"ஒண்ணு."

"முடிஞ்சுது. ரெண்டு டன். ஒண்ணு நாப்பது."

தொகாஷி எழுந்துகொண்டான். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"நேரம் குறிக்காத வண்டின்னா எவ்வளவு?"

தொகாஷி வாய்விட்டுச் சிரித்தான். "அட, வெவரமான ஆளா இருக்காரே! முந்தின வீட்டு வேலை முடிஞ்சப்பறம்தான் வருவோம். சாயங்காலம் ஆறானாலும் கோவிச்சுக்கக் கூடாது. காத்துக் கெடக்கணும், பரவாயில்லையா?"

"காத்துக் கெடந்து பழக்கம்தான்."

"புதன்கிழமைன்னா ஒண்ணு இருபது."

"இன்னொரு கம்பெனி ஒண்ணு பதினஞ்சுன்னு போட்டிருக்கு."

"பாருங்கம்மா, கதவுக்குப் பின்னாடி இருந்துக்கிட்டே என் கழுத்தைப் புடிக்கிறாரு! சரி, ஒண்ணு பதினஞ்சு."

மூன்று வாரமாக நான் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். இவன் உள்ளே உட்கார்ந்து வண்டி விலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அந்நியன் வருகிறான் என்ற பயத்தில் அவனுக்கும் சோறு இறங்கியிருக்காது என்பது பிறகுதான் உறைத்தது.

ஒப்பந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டதும் தொகாஷி மறுபடி கதவைப் பார்த்துச் சொன்னான். குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். எங்க வண்டியில ஆளை ஏத்த மாட்டோம். சாமான் மட்டும்தான். நீங்க உங்க காலாலதான் வரணும்."

வருவாயா என்று நான் அவனைக் கேட்க அஞ்சிக்கொண்டிருந்ததும் அதுதான்.

மடித்த அட்டைப் பெட்டிகளையும் ஒட்டும் நாடாவையும் இறக்கிவைத்தான். "ஒவ்வொரு பெட்டியிலயும் புது வீட்டுல எந்த ரூம்னு எழுதிடுங்கம்மா. இல்லன்னா பசங்க எல்லாத்தையும் சமையக்கட்டுலயே குவிச்சிருவாங்க."

அவன் போன பிறகு எட்டு அட்டைகளையும் ஒட்டும் நாடாவையும் அறைக் கதவில் சாய்த்துவைத்தேன். தட்டில் இருந்த பழையதை எடுத்துவிட்டுப் புதுச் சோற்று உருண்டை இரண்டு வைத்தேன். சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டேன், நான் ஒட்டுக்கேட்கவில்லை என்று அவன் நினைக்கட்டும் என்று. பிறகு கேட்க வேண்டும் என்று நானே மூடினேன். பன்னிரண்டு அடித்தது. ஒன்று. அவனிடம் அதிகம் கேட்டுவிட்டோமோ, பயமுறுத்திவிட்டோமோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்குக் கதவு மெல்ல நகர்ந்தது, சற்றுப் பொறுத்துப் பர்ர்ரென்று ஒட்டும் நாடா கிழிகிற சத்தம் கேட்டது. கதவு மறுபடி திறந்து மூடியது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் நான் எழுந்திருக்கவில்லை.

நடையில் தட்டு காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு பெட்டி, நாலு பக்கமும் ஒட்டி, மேலே அவனுடைய சின்னக் கையெழுத்தில் இரண்டு வார்த்தை: வாசல் அறை.

அவனுக்குப் பின் அறை என்று நான் எழுதிக் கொடுத்ததை அவன் பார்க்காமல் இல்லை; பார்த்துவிட்டுத்தான் வாசல் அறை வேண்டும் என்கிறான். வாசலை ஒட்டி இருக்கிறவன் எந்த நேரமும் வெளியே போகலாம், எங்கே போனான் என்றே எனக்குத் தெரியாமல் போகலாம். அதுவும் பயமாகத்தான் இருந்தது. சமையலறைக்குப் போய்ப் பேனாவை எடுத்து, என் பெட்டிகளில் ஒவ்வொன்றாகப் பின் அறை, பின் அறை என்று எழுத ஆரம்பித்தேன்.